முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

வெள்ளைக்கல்மேட்டில் பிள்ளைகள் மூன்று வயது வரை வாய் திறக்கமாட்டார்கள். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. வீட்டுக்கு நாலு விசைத்தறி, தெருவுக்கு நூறு தறி என்று விடியுமுன் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓடுகிற ஊரில், தாய் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கையால்தான் சொல்ல வேண்டும். ஐந்து விரலையும் குவித்தால் சோறு, கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர், கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்தால் தூக்கம். பிள்ளைகளும் கையாலேயே கேட்டு, கையாலேயே சண்டை போட்டு, நாலாவது வயதில் ஏதோ ஒரு நாள் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல ஒரு சொல்லைச் சொல்வார்கள். மாலை நாலு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அரைமணி நேரம் தறிகள் நிற்கும். அந்த அரைமணி நேரத்தில்தான் எங்கள் ஊர் ஒரு நாளில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்க்கும்.

அந்த ஊரில் மேகலாவின் மகள் சஷ்டிகா மட்டும் பதினோராம் மாதத்திலேயே பேசினாள். அவள் பிறந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு ஐந்து மாதம் தறிகள் நின்றுபோயின. ஊரே வேலையில்லாமல் கிடந்தபோது, நூல் சுற்றும் வேலையை விட்டால் வேறு எதுவும் தெரியாத மேகலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். இது செருப்பு, இது சொம்பு, அது காக்கா, அது உங்கப்பன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரத்தில், கழுவி வைத்த கூழாங்கல்போலத் தெளிவாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. நாலு மணி ஓய்வில் அவள் பேசுவதைக் கேட்கவே அவர்கள் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். தறி ஓட்டிவிட்டு வரும் அவள் அப்பன் குழந்தைவேலு, காதில் அடைத்த பஞ்சை அந்த வாசலுக்கு வந்துதான் எடுப்பான்.

அவளுக்கு ஐந்து வயதானபோது தீபன் வந்தான். தறி முதலாளி ஒருவரின் இளைய மகன், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் அண்ணன் மகன் நாலரை வயதாகியும் பேசவில்லை என்பதற்காகச் சிறுபிள்ளைகளுக்குச் சொல் கற்றுத் தரும் ஒரு செயலியை அவன் செய்துகொண்டிருந்தான். திரையில் ஒரு செவலைக் கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு வரும். பிள்ளை ஒரு படத்தைத் தொட்டால் அந்தக் கன்று நின்று, தலையை ஆட்டி, அந்தப் பொருளின் பெயரைச் சொல்லும். கன்று ஆடியது, காது அசைந்தது, வால் சுழன்றது, ஆனால் அதற்குக் குரல் மட்டும் அமையவில்லை. கோயமுத்தூரில் இரண்டு பெண்களைப் பேசவைத்துப் பார்த்தும் கன்று ரேடியோபோலவே பேசியது. ஒரு நாள் கடையில் சஷ்டிகா கடலைமிட்டாய் கேட்பதைக் காதில் வாங்கிய தீபன், அன்று மாலையே குழந்தைவேலுவின் வீட்டுக்கு வந்து, பாப்பாவை மூன்று வாரம் தினம் அரைமணி நேரம் அனுப்ப முடியுமா என்று கேட்டான்.

தினமும் நாலு மணிக்குக் குழந்தைவேலு அவளைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். துணி மூட்டைகள் கூரை வரை அடுக்கிய குடோனின் நடுவே ஒரு ஸ்டூலில் அவளை உட்காரவைத்துத் தீபன் ஒவ்வொரு படமாகக் காட்டுவான், அவள் சொல்வாள். நல்ல தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். அதனால் சைக்கிள் மிதிவண்டியானது, பஸ் பேருந்தானது. யானை வந்த அன்று அவன் தன் கையைத் தும்பிக்கைபோல ஆட்டிக் காட்டியதில் அவள் சொல்லின் நடுவில் சிரித்துவிட்டாள். நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்று அவன் அதையே வைத்துக்கொண்டான். பழங்கள் முடிந்தன, காய்கறிகள் முடிந்தன, விலங்குகள், வண்டிகள், நிறங்கள் எல்லாம் முடிந்தன. வீட்டுப் பொருட்களில் கடைசியாகச் சில மிச்சமிருந்தன. அதன் பிறகு உறவுகள் என்று ஒரே ஒரு பாடம். அம்மா, அப்பா, அண்ணன், தங்கை.

ஐப்பசி மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மேகலா தொட்டுப் பார்த்தாள். வெயிலில் ஆடியிருக்கும் என்று நினைத்தாள். இன்னும் இரண்டு மூன்று நாள் வேலைதானே என்று அவளே தலைசீவி அனுப்பினாள். அன்று சஷ்டிகா ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். ஒரு டம்ளர் படத்தைப் பார்த்து, தண்ணீர் என்றாள். அது முந்நூற்றுப் பன்னிரண்டாவது சொல். பிறகு தலை வலிக்கிறது என்று அப்பன் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலாம் நாள் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள்.

தீபன் ஒரு மாதம் அந்த வேலையைத் தொடவில்லை. பிறகு உறவுகள் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை முடித்தான். பங்குனி மாதம் எஸ்தர் டீச்சரின் அங்கன்வாடிக்கு இரண்டு டேப்லெட் வந்தன. பிறகு வீட்டுக்கு வீடு அம்மாக்களின் செல்போனிலும் அந்தச் செவலைக்கன்று வந்தது. தறிச் சத்தத்தில் கேட்பதற்காகப் பிள்ளைகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, படத்தைத் தொட்டு, மறுபடி தொட்டு, நூறு தடவை தொட்டுக் கேட்டார்கள்.

சித்திரை பிறந்த இரண்டாம் நாள், நாலு மணி ஓய்வில், பழவண்டி தெருவுக்குள் வந்தது. மேகலாவின் பக்கத்து வீட்டுச் சுமதி இடுப்பில் வைத்திருந்த இரண்டரை வயது இன்பா, அதுவரை ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளை, விரலை நீட்டி, மாம்பழம் என்றாள். சொன்னது சஷ்டிகாவின் குரல்.

சுமதி பிள்ளையைப் பார்க்கவில்லை, மேகலாவின் கதவைப் பார்த்தாள். மேகலா வெளியே வந்து நின்றாள், கையில் பாதி சுற்றிய நூல்கட்டை. பழக்காரர்தான், பாப்பா கேக்குதுல்ல, ஒரு பழம் எடுத்துக்குங்க என்றார்.

அந்த வாரத்துக்குள் பதினாறு பிள்ளைகள், மாதம் முடிவதற்குள் நாற்பத்துமூன்று பிள்ளைகள். செயலியில் கற்ற சொற்கள் மட்டும் அவள் குரலில் வந்தன. வேறு வாயிலிருந்து கற்ற சொற்கள் அவரவர் குரலில் வந்தன. அதனால் ஒரு வாக்கியத்தின் நடுவில், ஒட்டுப்போட்ட சட்டைபோல, செத்த பிள்ளையின் குரல் வந்து வந்து போனது. ‘அப்பா, எனக்கு’ என்பது பையனின் கட்டைக் குரலாக இருக்கும், ‘மிதிவண்டி’ என்பது சஷ்டிகாவாக இருக்கும், ‘வேணும்’ மறுபடி அவனாக இருக்கும். டவுனிலிருந்து வந்த டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டைகளைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, தூசிக்கு மட்டும் மருந்து தருகிறேன் என்றார். மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். பேயாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டதற்குப் பூசாரி வெகுநேரம் யோசித்து, பேயாக இருந்தால் ஏதாவது கேட்கும், இது கத்தரிக்காய் என்கிறது, நாற்காலி என்கிறது, ஒன்றுமே கேட்கவில்லையே, இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார். பிள்ளைகள் பேசுகிறார்களே, அதுவே பெரிது என்று எல்லாரும் எழுந்து போனார்கள். அதன் பிறகு அது ஊரின் வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள், எங்கூருப் புள்ளைங்க பேச்சு இப்படித்தானுங்க இருக்கும் என்று.

ஒரு சொல்லுக்கு மட்டும் ஊர் பழகவில்லை. தண்ணீர் என்ற சொல் எந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தாலும் வறண்டு, கனன்று, காய்ச்சலோடு வந்தது. முதல் கோடையில் ஒரு நாளைக்கு முப்பது தடவை பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், முப்பது தடவையும் தாய்மார்கள் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தார்கள். நெற்றி குளிர்ந்திருக்கும். கை வைத்த பிறகுதான் டம்ளரைக் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களும் காரணம் தெரியாமலே அப்படிச் செய்யப் பழகிக்கொண்டார்கள்.

அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று மேகலாவுக்கும் குழந்தைவேலுவுக்கும் மட்டும் முழுதாகத் தெரியும். அவர்கள் அதைப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் யார் தலைசீவியது, யார் சைக்கிளில் ஏற்றியது என்று வரும். குழந்தைவேலு நாலு மணி ஓய்விலும் காதுப் பஞ்சை எடுக்காமல் திரிந்தான். ஆனால் பஞ்சு தறிச் சத்தத்தைத் தடுத்ததே தவிர அந்தச் சொல்லைத் தடுக்கவில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள் அவன் தீபனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

“அதை எடுத்துருங்க தம்பி,” என்றான். “எல்லாத்தையும் எடுத்துருங்க.”

தீபன் தலையைக் குனிந்துகொண்டு, எடுத்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் அக்காவும் சொல்லட்டும் என்றான்.

மேகலா சுவரோரம் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தினாள்.

“எங்கிட்ட அவ சட்டை ரெண்டு இருக்குது, செருப்பு இருக்குது,” என்றாள். “அதுக எதுவும் பேசறதில்லீங்க. இதையும் எடுத்துட்டா நா எங்க போய்க் கேப்பேன்?”

“அந்தச் சொல்லு ஒண்ணையாவது,” என்றான் குழந்தைவேலு.

“அதும் அவ சொன்னதுதானுங்க.”

தீபன் எதையும் எடுக்கவில்லை. அடுத்த அமாவாசைக்குள் குழந்தைவேலு சூரத்துக்குத் தறி ஓட்டப் போய்விட்டான். கோபித்துக்கொண்டு போனான் என்று சொல்ல முடியாது, போகும்போது மேகலாவுக்கு ஒரு மாத அரிசி வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போனான். மாதம் ஒரு தடவை போன் செய்வான். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

மேகலா தனியாக ஆன பிறகு நாலு மணி ஓய்வில் பிள்ளைகள் அவள் வீட்டுக்குப் போகிற வழக்கம் வந்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, சுமதி இன்பாவைக் கொண்டுவந்து விட்டாள், பிறகு எதிர்வீட்டுப் பிள்ளை, பிறகு பத்து, பன்னிரண்டு பேர். மேகலா கொத்தவரங்காயைக் காட்டுவாள், சீப்பைக் காட்டுவாள், வாசலில் போகிற நாயைக் காட்டுவாள். அவள் மகள் பன்னிரண்டு வாய்களிலிருந்து அவற்றின் பெயரைச் சொல்வாள். எந்தச் சொல்லைச் சொன்ன நாளில் என்ன சட்டை போட்டிருந்தாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் மிட்டாயை வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்தாள் என்றெல்லாம் மேகலாவுக்குத் தெரிந்தது. போகும்போது பிள்ளைகளுக்கு உப்புக்கடலை கொடுப்பாள். நிறைய உப்புப் போட்டு வறுத்த கடலை. தண்ணீர்ப் பானையை உள்ளறையில் வைத்துவிடுவாள், பிள்ளைகள் கேட்டால்தான் எடுத்துவருவாள். எதற்காக என்று தாய்மார்கள் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. வா என்பது இல்லை, போ என்பது இல்லை, பசிக்குது என்பது இல்லை. அம்மா என்பது இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் அம்மாவைத் தங்கள் குரலிலேயே கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் மேகலா இதைப் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு இன்பாவை மட்டும் மடியில் உட்காரவைத்து, சமையலறை மூலையில் கிடந்த அம்மிக்கல்லைக் காட்டினாள்.

“அம்மி,” என்றாள் இன்பா, சஷ்டிகாவின் குரலில்.

மேகலா மாம்பழத்தை எடுத்துக் காட்டினாள்.

“மாம்பழம்.”

மேகலா ஒரு கையில் மாம்பழத்தை வைத்துக்கொண்டு மறுகையால் அம்மியைத் தொட்டுக் காட்டினாள். பாதி சொல்லு சாமி, என்றாள். இதுல பாதி, அதுல பாதி. அம். மா. இன்பா கெட்டிக்காரப் பிள்ளை, புரிந்துகொண்டாள். அம்மியைப் பார்த்து, அம், என்று நிறுத்தினாள். அந்த அரைச்சொல் இன்பாவின் குரலில் வந்தது. மறுபடி முழுதாக, அம்மி என்றால் சஷ்டிகா வந்தாள், நறுக்கினால் போய்விட்டாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள், வேகமாகச் சொல்லிப் பார்த்தார்கள், அம்மியையும் மாம்பழத்தையும் ஒட்டவைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மியும் மாம்பழமும் அம்மியும் மாம்பழமுமாகவே இருந்தன. தறிகள் ஓடத் தொடங்கின. அதன் பிறகும் இன்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்ததை மேகலா பார்த்தாள், ஆனால் எதுவும் கேட்கவில்லை. அந்த மாம்பழத்தை அறுத்து அவளுக்கே கொடுத்தாள்.

சொற்கள் போகத் தொடங்கியது அதற்கடுத்த வருஷம். யாரும் அழிக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து தெருவில் இறங்கினார்கள். தெருவில் யாரும் மிதிவண்டி என்று சொல்வதில்லை. சைக்கிள் என்றார்கள், அது அவரவர் குரலில் வந்தது. நாற்காலி சேர் ஆனது, பேருந்து பஸ் ஆனது, தண்ணீர் தண்ணி ஆனது. எந்தச் சொல்லை வேறு வாயிலிருந்து வாங்கித் தன்னுடையதாக்கிக்கொள்கிறார்களோ அந்தச் சொல்லிலிருந்து சஷ்டிகா இறங்கிப் போனாள். பெயர் மாறாத சொற்களைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. வாத்தியார் சொல்லச் சொல்ல நாற்பது பேர் கூடச் சொன்னால் மாலையில் அந்தச் சொல் பிள்ளையின் சொல்லாகியிருக்கும். தண்ணி இல்ல கண்ணு, தண்ணீர் சொல்லு, என்று மேகலா திருத்திப் பார்த்தாள். பிள்ளைகள் பணிவாகத் தண்ணீர் என்றார்கள், ஆனால் அது இப்போது மேகலாவிடம் கற்ற சொல், அதில் காய்ச்சல் இல்லை. தாய்மார்கள் நெற்றியில் கை வைப்பதை மறந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளிடமும் வழியில்லை. தீபனின் செயலியைப் பெங்களூரில் ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. கன்றுக்குட்டிக்குச் சிறகு முளைத்தது, கண் பெரிதானது, இயந்திரம் செய்த ஒரு குரல் வந்தது. சொற்கள் இரண்டாயிரம் ஆயின, அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அந்தக் குரல் யாருடையதும் இல்லை என்பதாலோ என்னவோ எந்தப் பிள்ளையிடமும் அது ஒட்டவில்லை. தீபன் பழைய ஒலிகளைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு போனில் ஏற்றி மேகலாவிடம் கொண்டுவந்து கொடுத்தான். அவள் ஒரு தடவை கேட்டாள். அது சஷ்டிகாதான். ஆனால் மாம்பழத்தைத் தொட்டால் மாம்பழம் என்றது, மறுபடி தொட்டால் மறுபடி அதையே சொன்னது, மாம்பழம் வேண்டும் என்பதற்காக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவள் அந்தப் போனைச் சட்டைகளோடு வைத்துவிட்டாள்.

மேகலா சுமதியிடம் ஒரு நாள் கேட்டாள், இன்பாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் கழித்துச் சேர்த்தால் என்ன என்று. சுமதி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பதில் சொன்னாள்.

“நானும் பெத்தவதானக்கா. என்ற புள்ள என்ன குரல்ல மாம்பழம்னு கேப்பாள்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாமக் கெடந்துது.”

சுமதியின் இடத்தில் தான் இருந்தால் முதல் வாரத்திலேயே போனை உடைத்திருப்பாள் என்று மேகலாவுக்குத் தெரியும்.

ஏழாவது வயதில் இன்பாவிடம் ஒரே சொல் மிச்சமிருந்தது. யானை. தறி ஊரில் யானைக்கு வேலை இல்லை, யாரும் அதைச் சொல்ல வேண்டி வரவில்லை, அதனால் அது தேயாமல் கிடந்தது. வேறு எந்தப் பிள்ளையிடமும் எதுவும் இல்லை. மேகலா அதைத் தினம் கேட்கப் பயந்தாள், மாதத்துக்கு ஒரு தடவை, அமாவாசை அன்று, நாலு மணிக்கு மட்டும் கேட்டாள். இன்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொல்லின் நடுவில் அந்தச் சிரிப்பு வரும், வந்து முடிந்துவிடும். இருவரும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார்கள். இன்பாவும் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். படப்புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தால் விரலால் மறைத்துக்கொள்வாள்.

மாசி மாதத்தில் இரண்டாம் வகுப்பில் விலங்குகள் பாடம் வந்தது. டீச்சர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். இன்பா முதல் மூன்று தடவை வாயை மூடிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை டீச்சர் அவளை எழுப்பி நிற்கவைத்துத் தனியாகச் சொல்லச் சொன்னார்.

அன்று அமாவாசை இல்லை. இருந்தும் இன்பா நாலு மணிக்குப் புத்தகப்பையோடு நேராக மேகலாவின் வீட்டுக்கு வந்து நின்றாள். மேகலா நூல்கட்டையைக் கீழே வைத்தாள். என்ன கண்ணு என்று கேட்டாள்.

“யானை,” என்றாள் இன்பா. ஏழு வயதுப் பெண்ணின் குரல், லேசாக மூக்கால் வருகிற, சுமதியின் சாயல் உள்ள குரல். அதைத் தானே கேட்டுவிட்டு அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு மறுபடி, “யா,” என்று நிறுத்தி, கஷ்டப்பட்டு ஒரு சிரிப்பைச் சிரித்து, “னை,” என்று முடித்தாள். மேகலாவின் முகத்தைப் பார்த்தாள். சரியாக வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை இன்னும் பெரிதாகச் சிரித்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“போதும் சாமி,” என்றாள் மேகலா. “உங்கம்மா தேடுவா. வீட்டுக்குப் போ.”

அவள் போன பிறகு மேகலா இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தானே சூரத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு குழந்தைவேலு எடுத்தான். அவன் பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அங்கே நாலு மணிக்கு நிறுத்துவதில்லை.

“இனி வரலாமுங்க,” என்றாள் மேகலா. “எல்லாம் போயிருச்சு. யாரும் எதும் சொல்றதில்ல.”

அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.

“கேட்டுது,” என்றான் அவன். பிறகு, “அப்பறம் அங்க வந்து என்ன பண்றது?” என்றான்.

அவள் போனை வைக்கவில்லை. அவன் வைக்கவும் இல்லை. ஊரில் இரண்டாம் ஷிப்டுக்குத் தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவன் பக்கத்துச் சத்தமும் அவள் பக்கத்துச் சத்தமும் ஒன்றாகி, எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் ஆகும்வரை அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.